கத்தியையும் காட்டுங்கள், முதுகையும் காட்டுங்கள்: டிரஸ்ஸர் பதில்கள்

மலேசியாவின் பகாவ் வட்டாரத் தோட்டங்களில் மருத்துவ உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம் டிரஸ்ஸர், இந்த இதழில் உடம்பால் உழைப்பவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் தொழிலும் ஊரும் மட்டும் தருகிறோம்.

*

கேள்வி: டிரஸ்ஸர் ஐயா, எனக்கு 41 வயது. செம்பனை வெட்டுகிறேன். எங்கள் காட்டில் மரமெல்லாம் நல்ல உயரம். சில மாதமாக வலது தோளும் பிடரியும் வலிக்கின்றன. இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. கிளினிக்கில் ஊசி போட்டால் இரண்டு மூன்று நாள் தேவலாம், அப்புறம் பழைய கதைதான். எந்த மாத்திரை நல்லது? (பகாவ்)

பதில்: மாத்திரையை அப்புறம் பார்ப்போம் தம்பி. உங்கள் அரிவாள் கடைசியாக எப்போது கல்லைப் பார்த்தது?

கிண்டல் இல்லை. நான் வேலையில் இருந்தபோது தோள்வலி என்று வருகிற வெட்டுக்காரர்களிடம் முதலில் கத்தியைத்தான் கேட்பேன். மழுங்கிய கத்தியால் ஒரு மட்டையை அறுக்க நாலு இழுப்பு வேண்டும். கூரான கத்திக்கு ஒன்றோ இரண்டோ போதும். காலையிலிருந்து மதியம் வரை எத்தனை மட்டை, எத்தனை குலை என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். மிச்சமாகிற இழுப்பெல்லாம் உங்கள் தோளுக்குச் சேமிப்பு. சோதிப்பது சுலபம். விழுந்த மட்டையிலிருந்து ஓர் இலையைக் கிள்ளிக் கத்தி வாயில் வைத்து மெல்ல இழுங்கள். அழுத்தாமல் அறுந்தால் கூர் சரி. நார் நாராகக் கிழிந்தால் உட்கார்ந்து தீட்டுங்கள். சாணைக்கல்லை வீட்டில் வைத்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். அது இடுப்பில் இருக்க வேண்டிய பொருள்.

அடுத்தது காலா, அதாவது அரிவாளை மாட்டுகிற நீளக் கம்பு. கம்பு குட்டையாக இருந்தால் கையைத் தலைக்கு மேல் தூக்கித்தான் இழுக்க வேண்டிவரும். தோளில் கை எலும்புக்கும் அதன் மேலே கூரை போல் நிற்கும் எலும்புக்கும் நடுவில் ஒரு தசைநாண் ஓடுகிறது. கை தோளுக்கு மேலே போகும்போதெல்லாம் அது நசுங்குகிறது. நசுங்கிய இடத்திலேயே பலம் கொடுத்து இழுத்தால் புண்ணாகும், நாளடைவில் கிழியவும் செய்யும். இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியாமல் போவது அதன் அடையாளம். ஆகவே பிடிக்கும் கை நெஞ்சு மட்டத்தில் நிற்கும்படி கம்பை நீட்டிக்கொள்ளுங்கள். நீளம் கூடினால் கனமும் வளைவும் கூடும் என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் ரொம்ப உயர்ந்த மரத்தை இளம் பையனிடம் விடாமல், அனுபவசாலியும் இன்னொருவரும் மாறி மாறிச் செய்யச் சொல்கிறேன். இழுக்கும்போது ஒரு காலைப் பின்னால் வைத்து, முழங்காலை மடக்கி, உடம்பின் பாரத்தைப் பின்னுக்குச் சாயுங்கள். வெறும் கையால் வெடுக்கென்று இழுக்காதீர்கள்.

பிடரி வலிக்குக் காரணம் அண்ணாந்து பார்ப்பது. எந்தக் குலை பழுத்திருக்கிறது என்று கீழே உதிர்ந்த பழமே பாதி சொல்லிவிடும். முதலில் தரையைப் பாருங்கள், பிறகு சற்றுத் தள்ளி நின்று மேலே பாருங்கள். மரத்தடியில் நின்று பார்த்தால் கழுத்து முழுக்க மடங்கும். குலை விழுகிற வழியில் நிற்காமல் இருக்கவும் அதுதான் நல்லது. வெட்டுகிறவரும் குலை தள்ளுகிறவரும் ஜோடியாகப் போகிறீர்கள் அல்லவா? தேநீர் நேரத்துக்குப் பிறகு இடம் மாற்றிக்கொள்ளுங்கள். ஒரே தசை நாள் முழுக்க உழைக்காமல் இருந்தாலே பாதி வலி ஓடிவிடும்.

மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் 2007இல் கொண்டுவந்த ‘சந்தாஸ்’ மோட்டார் கத்தியைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். குட்டை, நடுத்தர மரங்களுக்கு அது நல்ல சாமான், இழுக்கும் வேலையைக் குறைக்கிறது. ஆனால் அதிர்வு கைக்கு வரும். விரல் மரத்தால் நிறுத்தி ஓய்வு கொடுங்கள். உங்கள் காட்டின் உயரத்துக்கு அது எட்டாது என்றே நினைக்கிறேன்.

கையைப் பக்கவாட்டில் தூக்கவே முடியவில்லை என்றாலோ, பலம் குறைந்துவிட்டது என்றாலோ ஊசியோடு நிற்காமல் ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.

*

கேள்வி: ஐயா, நாங்கள் மருந்து அடிக்கிற பெண்கள். தோட்டத்தில் எல்லாருக்கும் இடுப்புப் பெல்ட் வாங்கித் தரப்போவதாகச் சொல்கிறார்கள். அதைப் போட்டால் முதுகு வலிக்காதா? (ஜெம்போல்)

பதில்: தங்கச்சி, பெல்ட் வாங்குகிற காசுக்கு நல்ல தோள்பட்டை வார் வாங்கித் தரச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் பெரிய கடைகளில் சாமான் தூக்குகிற ஆயிரக்கணக்கான தொழிலாளரை அந்நாட்டின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிலையம் கவனித்து, 2000இல் முடிவை வெளியிட்டது. பெல்ட் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் முதுகுக் காயத்தில் வித்தியாசம் தெரியவில்லை. எனக்கு அதில் ஆச்சரியமில்லை. பெல்ட் போட்டவுடன் ‘இப்போது தாங்கும்’ என்று இன்னும் கொஞ்சம் கூடத் தூக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் பம்பைக் கணக்குப் பார்ப்போம். முதுகில் மாட்டும் 16 லிட்டர் தோம்பு (தொட்டி) நிறைய மருந்துத் தண்ணீர் என்றால் தண்ணீர் மட்டும் 16 கிலோ. பம்பின் கனமும் சேர்ந்தால் 20 கிலோவை ஒட்டிவிடும். அதைத் தரையில் வைத்து நிரப்பி, குனிந்து ஒரு தோளில் வாரை மாட்டி, உடம்பை முறுக்கி மறு தோளில் மாட்டுகிறீர்கள். வலி அங்கேதான் பிறக்கிறது. நடக்கும்போது அல்ல, மாட்டும்போது. டிராக்டரின் பின்பலகையிலோ இடுப்பு உயர மேசையிலோ பம்பை வைத்து நிரப்புங்கள். பிறகு அதற்கு முதுகைக் காட்டி நின்று இரண்டு வாரையும் மாட்டிக்கொண்டு அப்படியே எழுந்து நடங்கள். குனியவே வேண்டாம். வேலையைக் கண்காணிக்கும் மண்டோரிடம் கேட்க வேண்டியது ஒரு பலகை, அவ்வளவுதான்.

தோம்பை முக்காலுக்கு மேல் நிரப்பாதீர்கள். நிரப்பும் இடம் தூரம் என்றால் முழுக்க நிரப்பத்தான் தோன்றும். ஆகவே தண்ணீர் வண்டியைக் கிட்டக் கொண்டுவரச் சொல்லுங்கள். வார் அகலமாக, பஞ்சு வைத்து, இரண்டும் ஒரே நீளமாக இருக்கட்டும். இடுப்பு வார் இருந்தால் கட்டாயம் கட்டுங்கள், பாரத்தில் ஒரு பகுதி தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கும். பெல்ட் செய்யும் என்று சொன்னதை அதுதான் உண்மையில் செய்கிறது. பம்பு அடிக்கும் கையை நிரைக்கு நிரை மாற்றுங்கள். பேட்டரி பம்பு கிடைத்தால் கைக்கு விடுதலை, ஆனால் கனம் குறையாது.

*

கேள்வி: உதிரிப் பழம் பொறுக்கிப் பொறுக்கி முழங்கால் போய்விட்டது. குந்தினால் எழ முடியவில்லை. (ரொம்பின், நெகிரி செம்பிலான்)

பதில்: குந்தாதீர்கள் அம்மா. பழத்தை வாருகோலால் ஒரு குவியலாக இழுத்து, ஒரு காலை மடக்கி மண்டியிட்டு அள்ளுங்கள். மண்டிக்குக் கீழே பழைய மெத்தைப் பஞ்சை வெட்டித் துணியில் தைத்துக் கட்டிக்கொள்ளலாம். கோணிப்பையைப் பாதிதான் நிரப்ப வேண்டும், இழுக்கவும் தூக்கவும் அதுதான் அளவு. நின்றபடியே தரையில் உருட்டிப் பழத்தைப் பொறுக்குகிற கம்பி உருளைக் கருவியும் இருக்கிறது. தோட்டத்தில் ஒன்று வாங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். மேட்டு நிலத்திலும் புல் மண்டிய இடத்திலும் அது சரிப்படாது, மரத்தைச் சுற்றிய வட்டம் சுத்தமாக இருந்தால் நன்றாக ஓடும்.

முழங்கால் வீங்கிச் சூடாக இருந்தால் இந்தப் பதிலை நம்பி உட்கார்ந்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

*

கேள்வி: நான் மண்டோர். காலைப் பெரட்டில் (வேலைக்கு முன் ஆட்களைக் கூட்டும்போது) பத்து நிமிடம் உடற்பயிற்சி, ‘முதுகை நிமிர்த்தித் தூக்கு’ என்று ஒரு பாடம். மேலிடத்து உத்தரவு. ஆனாலும் எம்.சி. (மருத்துவ விடுப்பு) குறையவில்லை. எங்கே தப்பு? (பெயர், ஊர் வேண்டாம்)

பதில்: தப்பு உங்களிடம் இல்லை. பாடம் மட்டும் போதாது என்பது தெரிந்த விஷயம். தூக்கும் முறையைச் சொல்லிக்கொடுப்பதால் மட்டும் முதுகுவலி குறைவதாகச் சான்று கிடைக்கவில்லை என்று, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் மதிப்பீடு 2011இல் சொன்னது. டன் கணக்கில் கூலி கொடுத்துவிட்டு ‘மெதுவாகத் தூக்கு’ என்றால் யார் கேட்பார்கள்? நானாக இருந்தாலும் கேட்க மாட்டேன்.

அந்தப் பத்து நிமிடத்தை இப்படிச் செலவழித்துப் பாருங்கள். முதலில் ஆளுக்கொரு கத்தி தீட்டட்டும். அடுத்து ஒவ்வொருவரும் தன் தள்ளுவண்டிச் சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கட்டும். அமுங்கினால் காற்று அடியுங்கள். ஈர மண்ணில் காற்றுக் குறைந்த சக்கரத்தைத் தள்ளுவது எவ்வளவு பாடு என்று ஒரு தடவை நீங்களே குலையை ஏற்றித் தள்ளிப் பார்த்தால் போதும். பெரட்டுக் களத்தில் ஒரு காற்றுப் பம்பு நிற்கட்டும். வண்டியின் கைப்பிடி ரப்பர் தேய்ந்து வழுக்கினால் இறுக்கிப் பிடிக்க வேண்டிவரும், முழங்கை வெளிப்பக்கம் வலிக்கும். பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி மாட்டினால் தீர்ந்தது.

குலையை வண்டியில் எங்கே வைக்கிறார்கள் என்றும் பாருங்கள். கைப்பிடிப் பக்கம் குவித்தால் பாரம் கையில் விழும், சக்கரத்துக்கு மேலே முன்னால் அடுக்கினால் சக்கரம் சுமக்கும். கனமான குலையை முதலில் முன்னால் வைக்கட்டும். வெட்டிய மட்டையை வண்டி போகிற பாதையில் போடாமல் இரண்டு மரத்துக்கு நடுவில் அடுக்கச் சொல்லுங்கள். வாய்க்காலுக்குக் குறுக்கே பலகை ஆடாமல் இருக்கிறதா? ஆடுகிற பலகையில் பாரத்தோடு போகிறவன் இடுப்பைத்தான் முறுக்கிச் சமாளிப்பான்.

இன்னொன்று. இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது முதுகெலும்பு வட்டுகள் தண்ணீரை உறிஞ்சி உப்பியிருக்கும். காலையில் நாம் ஒரு சென்டிமீட்டராவது உயரமாக இருப்பது அதனால்தான். உப்பிய வட்டு குனிந்து தூக்குவதைத் தாங்காது. எழுந்த முதல் ஒரு மணி நேரம்தான் முதுகுக்கு மோசமான நேரம். நம் ஆட்கள் விடியுமுன் எழுந்து, லோரியில் குந்திக்கொண்டே வந்து, இறங்கினதும் குலை தூக்குகிறார்கள். முதல் அரைமணி நேரம் வெட்டட்டும், நடக்கட்டும், வட்டம் சுத்தம் செய்யட்டும். ஏற்றும் வேலை அப்புறம். இதற்குச் செலவு ஒரு காசு இல்லை, வரிசையை மாற்றினால் போதும்.

பயிற்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. கையைக் காலை ஆட்டினால் தூக்கம் தெளியும். அதையே மருந்தாக நம்ப வேண்டாம் என்கிறேன்.

*

கேள்வி: லோரி கெலிந்தான் (உதவியாள்) வேலை. உர மூட்டை 50 கிலோ. ஒரு நாளைக்கு எத்தனை என்று எண்ணுவதில்லை. சட்டத்தில் ஓர் ஆள் எவ்வளவு தூக்கலாம் என்று எழுதியிருக்கிறதா? (சிரம்பான்)

பதில்: இத்தனை கிலோவுக்கு மேல் தூக்கினால் குற்றம் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் 1994ஆம் ஆண்டு தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி வேலையைப் பாதுகாப்பாக வைப்பது முதலாளியின் கடமை. 2022இல் திருத்தப்பட்டு 2024 ஜூன் முதல் தேதி நடப்புக்கு வந்தபின் அது அநேகமாக எல்லா வேலையிடத்துக்கும் பொருந்தும். 5 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும். உங்கள் கம்பெனியில் அது யார் என்று கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் அந்த ஆளுக்கே தெரியாது.

அளவு வேண்டும் என்றால் தொழில் பாதுகாப்புத் துறையின் வழிகாட்டியில் இருக்கிறது. ஆணுக்கு இடுப்பு மட்டத்தில், உடம்பை ஒட்டிப் பிடித்துத் தூக்கினால் 25 கிலோ, பெண்ணுக்கு 16. அதே மூட்டை தரையில் கிடந்தால் ஆணுக்கு 10 கிலோ, பெண்ணுக்கு 7. தோளுக்கு மேலேயும் அவ்வளவுதான். கையை நீட்டிப் பிடித்தால் இன்னும் குறைகிறது. இதைத் தாண்டினால் வேலையை ஆராய்ந்து மாற்ற வேண்டும் என்பது அதன் பொருள். உங்கள் மூட்டை, சிறந்த நிலையில் தூக்கினாலே இரண்டு மடங்கு.

என்ன செய்யலாம்? மூட்டையைத் தரையில் இறக்கவே கூடாது. பலகைமேல் அடுக்கி, லோரித் தட்டு உயரத்திலிருந்து நேராகத் தள்ளுவண்டிக்கு இழுத்துவிடுங்கள். இரண்டு பேர் இரண்டு மூலையைப் பிடியுங்கள். ஈரமான மூட்டையை நம்பாதீர்கள், வழுக்கும்போது பிடிக்கப் போய்த்தான் முதுகு போகும். விழுந்தால் விழட்டும், உரம் போனால் அள்ளிக்கொள்ளலாம். மூட்டையோடு லோரியிலிருந்து குதிக்கிற பழக்கத்தை இன்றைக்கே விட்டுவிடுங்கள்.

காலில் மின்சாரம் பாய்வது போல் வலி இறங்குகிறதா? கிளினிக்குப் போங்கள். சிறுநீர் போவது தெரியாமல் போனாலோ, வராமல் அடைத்துக்கொண்டாலோ, சைக்கிள் சீட்டில் உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, பாதம் தூக்க முடியாமல் தொங்கினாலோ கிளினிக் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு. மறுநாள் காலை வரை காத்திருக்கக்கூடாது.

*

கேள்வி: குலை தூக்கும்போது என் கணவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ‘முதுகுவலி வயசுக் கோளாறு, அதற்கெல்லாம் சொக்சோ கிடையாது’ என்று ஆபீசில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். உண்மையா? (கோலப்பிலா)

பதில்: அதை முடிவு செய்வது ஆபீஸ் கிராணி (எழுத்தர்) இல்லை அம்மா, சொக்சோ என்கிற சமூகப் பாதுகாப்பு நிறுவனம். வேலை செய்யும்போது திடீரென்று நேர்ந்தது விபத்து. மாதக்கணக்கில் ஒரே வேலை செய்து வந்த தசை, மூட்டுக் கோளாறும் தொழில்நோயாகக் கணக்கில் வரலாம். சொக்சோவின் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் அதற்கு இடம் இருக்கிறது.

முதலாளி விபத்தை 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். விபத்து நடந்த நாளையும் சேர்த்து 4 நாளுக்குக் குறையாமல் எம்.சி. இருந்தால், சராசரி நாள் சம்பளமாகக் கணக்கிடப்படுவதில் 80 விழுக்காடு தற்காலிக உதவியாகக் கிடைக்கும். சிகிச்சைச் செலவும் வேறு. ஆபீஸ் கைவிரித்தால் நீங்களே சொக்சோ கிளைக்குப் போய்ச் சொல்லலாம்.

ஆனால் எழுத்து வேண்டும். நம் ஆட்கள் மருத்துவரிடம் ‘இடுப்பு வலி’ என்று இரண்டு சொல் சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். அவர் அப்படியே எழுதிவிடுவார். ‘இந்தத் தேதி, இத்தனை மணிக்கு, இந்த நிரையில், குலையை வண்டியில் ஏற்றும்போது’ என்று சொல்லி எழுத வையுங்கள். அன்றைக்கே மண்டோரிடம் சொல்லி, யார் பக்கத்தில் இருந்தார் என்பதையும் குறித்து வையுங்கள். தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் உறுப்பினர் என்றால் கிளைத் தலைவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். இந்த விபத்துப் பாதுகாப்பு 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் உண்டு. பக்கத்து லயத்தில் இருக்கும் வங்காளதேசத் தம்பிக்கும் சொல்லிவையுங்கள், அவனுக்கு இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வலி கொஞ்சம் தணிந்ததும் படுக்கையிலேயே கிடக்க விடாதீர்கள். வாசல் வரை, அப்புறம் கடை வரை என்று நடக்கட்டும். இலகு வேலையில் திரும்பச் சேர்வதற்கு சொக்சோவிலேயே திட்டம் இருக்கிறது, மலாக்காவில் மறுவாழ்வு மையமும் நடத்துகிறார்கள். கேட்டு வாங்குங்கள்.

*

கேள்வி: பாசாரில் ஒருவர் விற்கும் மூலிகைத் தூளால் என் மூட்டுவலி மூன்றே நாளில் பறந்துவிட்டது. ஒரு வருடமாகச் சாப்பிடுகிறேன். முகம் மட்டும் உப்பலாகி, தோலில் சும்மா பட்டாலே கன்றிப்போகிறது. தொடரலாமா? (பகாவ்)

பதில்: மூன்றே நாளில் பறந்தது என்பதுதான் எனக்குப் பயம். பதிவில்லாத வலித் தூள்களில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கலந்து விற்பது நம் நாட்டில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. உப்பிய முகம், கன்றும் தோல் இரண்டும் அதன் கைவரிசை. எலும்பைத் தேய்க்கும், சர்க்கரையை ஏற்றும். பாக்கெட்டில் ‘எம்.ஏ.எல்.’ பதிவெண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இருக்கிறதா பாருங்கள்.

இல்லை என்றாலும் சட்டென்று நீங்களாக நிறுத்தாதீர்கள். நாள்பட்ட ஸ்டீராய்டைத் திடீரென்று விட்டால் உடம்பு மயங்கி விழும், உயிருக்கே ஆபத்து. தூளையும் எடுத்துக்கொண்டு நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள், அவர்கள் படிப்படியாகக் குறைப்பார்கள்.

*

கேள்வி: கோடாலித் தைலம் தேய்க்கலாமா? (பெயரில்லை)

பதில்: தேய்க்கலாம். வலியை மறக்க வைக்கும், காரணத்தைத் தீர்க்காது. கண்ணில் கையை வைக்காதீர்கள்.

*

கேள்வி: என் அம்மா பால்மரம் வெட்டியவர். இப்போது இரவில் விரல்கள் மரத்து எழுப்பிவிடுகின்றன. கையை உதறினால் சரியாகிறது. பழைய உழைப்பின் வலியா? (தம்பின்)

பதில்: உதறினால் சரியாவது மணிக்கட்டு நரம்பு நெருக்குவதன் நல்ல அடையாளம். கத்தியை இறுக்கிப் பிடித்து மணிக்கட்டைத் திருப்பிய உழைப்பு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் முதலில் சர்க்கரையைப் பாருங்கள். 2019 தேசியச் சுகாதார ஆய்வில் நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, அதில் இந்தியர்கள் முன்னணியில். நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்த நரம்பு நெருக்கமும், விரல் மடங்கிச் சிக்கிக்கொள்வதும், தோள் இறுகுவதும் கூடுதலாக வருகின்றன. இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை மருந்துக்கடையில் கிடைக்கும். கட்டைவிரல் அடிச் சதை மெலிந்திருந்தால் தாமதிக்காமல் காட்டுங்கள்.

*

கேள்வி: காட்டு வேலைக்கு எந்தச் சப்பாத்து நல்லது? கம்பெனி கொடுக்கிற பூட்ஸ் கனம் என்று என் வீட்டுக்காரர் ‘அடிடாஸ் கம்போங்’ மாட்டிக்கொண்டு போகிறார். (பகாவ்)

பதில்: அந்தக் கறுப்பு ரப்பர் சப்பாத்து இலேசு, மலிவு, சேற்றில் நன்றாகப் பிடிக்கும். பால்மரம் வெட்டப் போகிறவருக்கு, புல் வெட்டுகிறவருக்கு நானே சரி என்பேன். செம்பனை வெட்டுக்காரருக்கு மாட்டேன். மட்டை முள் குத்தும், குலை விழும், கத்தி நழுவும். அவருக்குப் பூட்ஸ்தான். கனம் என்பதைவிட அளவு சரியில்லாமல்தான் பலர் கழற்றிப் போடுகிறார்கள், பெரிதாக இருந்தால் கால் உள்ளே ஆடி முழங்காலும் கணுக்காலும் நோகும்.

சாயங்காலம் வேலை முடிந்து டவுனுக்குப் போங்கள், அப்போதுதான் கால் வீங்கி முழு அளவில் இருக்கும். வேலைக்குப் போடும் தடித்த காலுறையோடு இரண்டு காலிலும் மாட்டி, கடைக்குள் நாலு நடை நடந்து பார்க்கச் சொல்லுங்கள். குதிகால் தூக்கக்கூடாது, விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். அடியில் போட ஒரு மெத்தை அட்டையும் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். சக்கைபோல் அமுங்கியதும் மாற்றுங்கள், பூட்ஸ் தேயும் வரை காத்திருக்க வேண்டாம்.